புரோட்டான் போன்றவற்றுக்குள் இருக்கும் நுண்துகள்தான் குவார்க். ஐந்து குவார்க் சேர்ந்த துகள் (பென்டாகுவார்க்) நிஜமாகவே உண்டா, வெறும் கணக்கா?

உண்டு. ஆனால் நான் முதலில் நம்பியது இப்போது இல்லை!

காவேரிப்பட்டணத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். "புரோட்டானில் மூணுதானே சார், அஞ்சு எப்படிச் சேரும்?" என்பார்கள். எண்ணிக்கைக்குத் தடையில்லை, நிறக்கணக்கு நேரானால் போதும். நிறம் என்பது இங்கே மின்னூட்டம் மாதிரி ஒரு பண்பு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தால் கணக்கு நேர். ஒரு நிறமும் அதன் எதிர்நிறமும் சேர்ந்தாலும் நேர். மூன்றோடு அப்படி ஒரு ஜோடி சேர்ந்தால் ஐந்து. 1964-ல் குவார்க்கை முன்வைத்த கட்டுரையிலேயே இயற்பியலாளர் கெல்-மான் இதற்கு இடம் விட்டிருந்தார்.

2004-ல் தர்மபுரியில் படித்தபோது என் செமினார் தலைப்பே இதுதான். அதற்கு முந்தைய வருடம் ஜப்பானின் ஸ்பிரிங்-8 ஆய்வகத்தில் தீட்டா பிளஸ் என்ற பென்டாகுவார்க்கைக் கண்டதாக அறிவித்திருந்தார்கள். நிறை சுமார் 1540 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு). வேறு சில ஆய்வகங்களும் 'எங்களுக்கும் தெரிகிறது' என்றன. துகள் இருந்தால் தரவு வரைபடத்தில் அதன் நிறை இருக்கும் இடத்தில் ஒரு மேடு எழும். நானும் அந்த மேட்டைக் கரும்பலகை முழுக்க வரைந்து வைத்தேன். 2005-ல் அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகம் பல மடங்கு தரவு சேர்த்துத் தேடியது. மேட்டையே காணோம். தரவு கொஞ்சமாக இருந்தால் தற்செயலாகவும் மேடு எழும். எனக்கு செமினார் மார்க் மட்டும் மிஞ்சியது.

அதனால் 2015-ல் ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்னின் எல்எச்சிபி குழு இரண்டு பென்டாகுவார்க் என்றபோது நான் அசையவில்லை. மேடு தற்செயலானது அல்ல என்ற உறுதியை சிக்மாவில் அளப்பார்கள்; கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா போதும், இங்கே ஒவ்வொன்றும் 9-ஐத் தாண்டியிருந்தது. அப்படியும் சந்தேகம்தான். 2019-ல் தரவு இன்னும் பெருகியபோது நடந்தது தலைகீழ்: அந்த இரண்டில் 4450 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் இருந்த மேடு 4440, 4457 என்று இரண்டாகப் பிரிந்தது, 4312-ல் புதிதாக ஒன்றும் எழுந்தது. சரி, இது நிஜம் என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

 

இப்போதைய சண்டை உள்ளமைப்பு பற்றியது. இரண்டு அப், ஒரு டவுன், ஒரு சார்ம், ஒரு எதிர் சார்ம் (அப், டவுன், சார்ம் எல்லாம் குவார்க் வகைகள்) என்ற அந்த ஐந்தும் ரெட்டை வாழைப்பழம் போல ஒரே தோலுக்குள் இருக்கின்றனவா, இல்லை ஒரே காம்பில் உரசித் தொங்கும் இரண்டு மாங்காய் போல ஒரு பேரியானும் (மூன்று குவார்க்) ஒரு மேசானுமா (ஒரு குவார்க், ஒரு எதிர்குவார்க்)? 4312 அப்படிப்பட்ட ஒரு ஜோடியின் கூட்டு நிறைக்குச் சற்றுக் கீழேயே நிற்கிறது. மாம்பழ ஊர்க்காரனின் பாசம் என்று நினைக்காதீர்கள், நான் மாங்காய்க் கட்சி.