நர்சிங் முடிச்சாச்சு, வேலை எங்கக்கா? – வாசகர் கேள்வி பதில்

(இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல புதுசா நர்சிங் முடிச்ச புள்ளைங்களோடது. அதனால வழக்கமான உடம்பு, சாப்பாடு கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன். அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா ஆரம்பிச்சு நர்சிங் சூப்பரிண்டெண்டா ரிட்டையர் ஆனவங்கற முறையில எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.)

அக்கா, பி.எஸ்சி நர்சிங் இந்த வருஷம் முடிச்சேன். ஈரோடு, கோயம்புத்தூர்ல நான் ஏறி எறங்காத ஆஸ்பத்திரி இல்ல. எல்லா எடத்துலயும் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"ன்னுதான் மொதல்ல கேக்கறாங்க. இல்லன்னா "ஆறு மாசம் ட்ரெய்னியா இரு, 8,000 தர்றோம்"ங்கறாங்க. வேலையே குடுக்காம எக்ஸ்பீரியன்ஸ் எங்கருந்துக்கா வரும்?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

ஃப்ரெஷர் வேணாம்னு அவங்க சொல்றத அப்படியே நம்பாத ம்மா. நைட்டு பத்து மணிக்கு மேல ஏதாவது ஒரு ப்ரைவேட் ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள போய்ப் பாரு, அங்க ஓடிட்டு இருக்கறதுல முக்காவாசி பேரு படிச்சு முடிச்சு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆன புள்ளைங்கதான், அவங்களும் ரெண்டு வருஷம் முடிஞ்ச கையோட சவுதி, துபாய், யுகேன்னு கெளம்பிடுவாங்க, இல்லன்னா கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிடுவாங்க, அந்த எடத்துக்கு ஆள் வேணும்ல, அந்த ஆள் நீதான். எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேக்கறது உன்ன வேணாம்னு அனுப்பறதுக்கு இல்ல, சம்பளப் பேச்சுல உன்ன ஒரு படி எறக்கி உக்கார வைக்கறதுக்கு. ஒவ்வொரு மாவட்டத்துலயும் எத்தன நர்சிங் காலேஜ், வருஷா வருஷம் எத்தன பேட்ச் வெளிய வருதுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். நீ வேணாம்னு போனா உன் ஜூனியர் வருவா.

சரி, அதுக்காக கெடைச்சத எடுத்துக்கன்னு சொல்ல வரல. ஒரு வெஷயத்துல மட்டும் கறாரா இரு, ஆர்டர்ல என்ன டெசிக்னேஷன் போடறாங்கன்னு பாரு. ட்ரெய்னின்னு பேரு வெச்சு எடுத்தாலும் வேலை ஸ்டாஃப் நர்ஸ் பாக்கற அதே வேலைதான், அதே நைட்டு, அதே ஹேண்டோவர், அதே திட்டு. ஆனா விட்டுட்டு வரும்போது குடுக்கற சர்டிஃபிகேட்ல "ட்ரெய்னி நர்ஸ்"னு அடிச்சுக் குடுத்துடுவாங்க. நாளைக்கு நீ கல்ஃப் போலாம்னு டேட்டாஃப்ளோவுக்கு (நம்ம சர்டிஃபிகேட்டெல்லாம் நெசமான்னு சரிபாக்கற கம்பெனி) அப்ளை பண்ணா, அவங்க உன் பேப்பர மட்டும் பாத்துட்டு விட மாட்டாங்க, அந்த ஆஸ்பத்திரி ஹெச்.ஆருக்கே நேரா எழுதிக் கேப்பாங்க, எந்த தேதி சேந்தா, எந்த தேதி விட்டா, என்ன போஸ்ட்டுன்னு. அங்க ட்ரெய்னின்னு பதில் போச்சுன்னா நீ ராவும் பகலும் முழிச்ச ஆறு மாசம் கணக்குலயே வராம போக வாய்ப்பு இருக்கு. அதனால சேரும்போதே, "மேடம், ஸ்டாஃப் நர்ஸ்னே ஆர்டர் போட்டுத் தருவீங்களா, ப்ரொபேஷன் வேணா வெச்சுக்கங்க"ன்னு கேளு. சம்பளத்த ஏத்தச் சொன்னா மூஞ்சிய சுளிக்கறவங்ககூட இதுக்கு சில சமயம் சரின்னுடுவாங்க, அவங்களுக்கு இதுல பைசா செலவு இல்ல பாரு. அப்படியே எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல எந்த வார்டு, ஆஸ்பத்திரி எத்தன பெட்டுன்னும் போடச் சொல்லணும். ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படிச்சவங்களுக்கு இது இன்னும் முக்கியம், எய்ம்ஸ் ஆஸ்பத்திரிங்களுக்கு நர்ஸ் எடுக்கற நார்செட் எக்ஸாம் எழுதணும்னா 50 பெட்டுக்குக் கொறையாத ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷம் வேலை பாத்திருக்கணும், பி.எஸ்சிக்கு அந்தக் கண்டிஷன் கெடையாது.

முதல் வேலையில நீ சம்பாதிக்கற பெரிய சொத்து அந்த ஒரு லெட்டர்தான், மாசம் 8,000 இல்ல.

வேலை கெடைச்சிருக்கு. ஆனா ரெண்டு வருஷ பாண்டு, நடுவுல விட்டா ஒரு லட்சம் கட்டணுமாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்குவாங்களாம், அப்பாகிட்ட கையெழுத்து மட்டும் போட்ட செக் வேற கேக்கறாங்க. கூட சேர்றவங்க எல்லாரும் குடுத்துட்டாங்க. நானும் குடுக்கலாமா?
– பேர் வேண்டாம், திண்டுக்கல்

குடுக்காத. செக்க மொதல்ல குடுக்காத. தொகை எழுதாம கையெழுத்து மட்டும் இருக்கற செக்குல நாளைக்கு யாரு என்ன நம்பர் எழுதுவாங்கன்னு உங்கப்பாவுக்குத் தெரியுமா? பேங்க்ல போட்டுப் பணம் இல்லன்னு திரும்புச்சுன்னா கேஸ் வர்றது உங்கப்பா பேர்ல.

ஒரிஜினல் விஷயத்துல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டே தெளிவா சொல்லியிருக்கு, படிப்பு சர்டிஃபிகேட் ஒன்னும் வித்து வாங்கற சரக்கு இல்ல, அத அடமானம் மாதிரி புடிச்சு வெச்சுக்க யாருக்கும் உரிமை இல்லன்னு. வெரிஃபிகேஷனுக்குக் காட்டு, அவங்க கண்ணு முன்னாடியே ஜெராக்ஸ்ல கையெழுத்துப் போட்டுக் குடு, ஒரிஜினல் ஃபைல கையிலயே எடுத்துட்டு வந்துடு. "எங்க பாலிசி ம்மா"ன்னு சொன்னா, "சரிங்க சார், அப்ப இன்னின்ன ஒரிஜினல வாங்கிக்கிட்டோம்னு லெட்டர்பேட்ல சீல் வெச்சு எழுதிக் குடுங்க"ன்னு கேளு, நெறைய எடத்துல அதோட பேச்சு நின்னுடும், ஏன்னா எழுதிக் குடுத்தா மாட்டிக்குவோம்னு அவங்களுக்கும் தெரியும்.

பாண்டு பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி படிக்கணும்னு சொல்லு. படிக்கக்கூட விடாம "இங்கயே போடு"ங்கற ஆஸ்பத்திரின்னா அங்க உள்ள எப்படி இருக்கும்னு நீயே யோசிச்சுக்க. ஏற்கனவே குடுத்துட்டு மாட்டிக்கிட்டு இருக்கற புள்ளைங்க இதப் படிச்சா, மொதல்ல ரிஜிஸ்டர் தபால்ல ஒரிஜினல திருப்பிக் கேட்டு ஒரு லெட்டர் போடுங்க, அந்த ரசீத பத்திரமா வைங்க. மாவட்ட கோர்ட்டுல இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம வக்கீல் வெச்சுத் தருவாங்க.

நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் கொறைஞ்சு சம்பளம் குடுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்குன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, உண்மையா? எனக்கு 13,000, அதுல ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் புடிச்சது போக கைக்கு வர்றது எட்டு சொச்சம்.
– வாசகி, திருச்சி

பாதி உண்மை. 2016 ஜனவரியில சுப்ரீம் கோர்ட், தனியார் நர்சுங்க நெலமையப் பாக்க கமிட்டி போடுங்கன்னு மத்திய அரசுக்கு சொல்லுச்சு. அந்தக் கமிட்டி சொன்னது என்னன்னா, 200 பெட்டுக்கு மேல இருக்கற ஆஸ்பத்திரின்னா அந்த மாநில அரசு நர்சுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம், 100லருந்து 200 பெட்டுன்னா அதுல 10 சதவீதத்துக்கு மேல கொறையக் கூடாது, 50லருந்து 100ன்னா 25 சதவீதத்துக்கு மேல கொறையக் கூடாது, 50க்குக் கீழ இருக்கற சின்ன நர்சிங் ஹோமா இருந்தாக்கூட 20,000க்குக் கொறையக் கூடாது. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா அத மாநில அரசுங்க சட்டமாவோ உத்தரவாவோ போட்டாதான் உன் ஆஸ்பத்திரிய யாரும் கேள்வி கேக்க முடியும். கேரளாவுல நர்சுங்க ரோட்டுல எறங்கி, ஸ்ட்ரைக் பண்ணி, 2018ல அரசாங்கத்த குறைந்தபட்சம் 20,000னு நோட்டிஃபிகேஷன் போட வெச்சாங்க. அங்க சங்கம் இருந்துச்சு. நம்ம பக்கம் தனியார் நர்சுங்க ஒன்னா சேந்து நிக்கறது கம்மி, "பாண்டு இருக்குக்கா, பயமா இருக்கு"ங்கறதுல முடிஞ்சுடுது.

நீ இப்போதைக்குப் பண்ணக்கூடியது, சம்பளம் பேங்க்லதான் வரணும், பே ஸ்லிப் வேணும், பி.எஃப். புடிக்கறாங்கன்னா யு.ஏ.என். நம்பர் (உன் பி.எஃப். கணக்கு நம்பர்) வாங்கி ஆப்ல பாரு, நெசமாவே கட்டறாங்களான்னு. புடிச்சுட்டு கட்டாம இருக்கற எடமும் இருக்கு.

பையனா பொறந்து நர்சிங் படிச்சது தப்பாக்கா? விளம்பரத்துலயே "ஒன்லி ஃபீமேல்"னு போடறாங்க. அப்பா வித்த நெலத்துக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.
– வாசகர், தர்மபுரி

தப்பே இல்ல தம்பி. ஆனா வார்டு போஸ்ட்டுக்கே வரிசையில நிக்காத. டயாலிசிஸ், கேத் லேப் (ஹார்ட் அடைப்பு பாக்கற எடம்), எமர்ஜென்சி, ஐ.சி.யூ., ஆர்த்தோ, சைக்யாட்ரி, இங்கெல்லாம் ஆம்பள நர்ச தேடி எடுக்கறாங்க, பேஷண்ட்ட தூக்கி எறக்கணும், திமிறுறவர புடிக்கணும்னு அவங்க கணக்கு. 108 ஆம்புலன்ஸ்ல ஈ.எம்.டி. (வண்டியில பேஷண்ட்டுக்கு முதலுதவி பாக்கறவர்) வேலைக்கு நர்சிங் படிச்சவங்களையும் எடுக்கறாங்க, மாவட்டத்துக்கு மாவட்டம் கேம்ப் போடுவாங்க, பேப்பர்ல சின்னதா வரும், பாத்துட்டே இரு. எய்ம்ஸ்ல ஆம்பளைங்களுக்கு 20 சதவீதம்தான், அதனால கட் ஆஃப் ஏறித்தான் நிக்கும், இருந்தாலும் எழுது. ஆரம்பமே மத்திய அரசு சம்பளக் கணக்குல லெவல் 7, அடிப்படை சம்பளம் 44,900, அதுக்கு மேல படி எல்லாம் சேரும். ரயில்வே, ஈ.எஸ்.ஐ. ரெண்டையும் கண்ணுல வெச்சுக்க.

ஊருக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர், குவைத்துல நர்ஸ் வேலை, மூணு லட்சம் கட்டினா ரெண்டு மாசத்துல விசாங்கறாரு. பொண்ணு ஆறு மாசமா வீட்டுலயே உக்காந்து அழுதுட்டு இருக்கா. நகைய வெச்சுக் கட்டிடலாமான்னு பாக்கறேன்.
– ஒரு அம்மா, ராமநாதபுரம்

நகைய எடுத்து உள்ள வைங்க ம்மா. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப லைசென்ஸ் இருக்கற ஏஜென்ட்டே சர்வீஸ் சார்ஜ்னு வாங்கறதுக்கு உச்சவரம்பு 30,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., மொத்தம் 35,400. மூணு லட்சம் எந்தக் கணக்கு? 2015ல கொச்சியில ஒரு ஏஜென்சி, 19,500 ரூபாய் வாங்க வேண்டிய எடத்துல குவைத் நர்ஸ் வேலைக்கு ஆளுக்கு 19.5 லட்சம் வாங்குச்சுன்னு சி.பி.ஐ. கேஸே போட்டுச்சு. அந்த வருஷமேதான் மத்திய அரசு, குவைத், சவுதி மாதிரி எமிக்ரேஷன் க்ளியரன்ஸ் (வேலைக்குப் போக அரசு அனுமதி) தேவைப்படற 18 நாட்டுக்கு நர்சுங்கள அரசு ஏஜென்சி வழியாத்தான் அனுப்பணும்னு கொண்டு வந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுக்கு அது சென்னையில இருக்கற ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன், 1978லருந்து இருக்கற அரசு நிறுவனம். அங்க பொண்ணோட பேர மொதல்ல பதிஞ்சு வைங்க. இந்த ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் இருக்கான்னு மத்திய அரசோட இ-மைக்ரேட் (eMigrate) வெப்சைட்டுல பாக்கலாம், பொண்ணுக்கே பாக்கத் தெரியும்.

இன்னொன்னு, படிச்சு முடிச்ச உடனே எக்ஸ்பீரியன்ஸ் இல்லாம நல்ல ஆஸ்பத்திரியில எடுக்கறோம்னு யாராவது சொன்னா, அங்க போய் எறங்கினதுக்கு அப்பறம் வீட்டு வேலையோ கிழவர பாத்துக்கற வேலையோ குடுத்துட்டா யாருகிட்ட போயி கேப்பீங்க? பக்கத்து டவுன்ல ஒரு நல்ல ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இருக்கட்டும், அதுக்குள்ள ஓ.ஈ.டி. (மருத்துவ வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சை) இல்ல ஜெர்மன் ஏதாவது ஒன்ன படிக்கட்டும். பொண்ண "சும்மா உக்காந்திருக்கா"ன்னு மட்டும் சொந்தக்காரங்க முன்னாடி சொல்லாதீங்க ம்மா, அவளுக்குக் காது கேக்கும்.

எம்.ஆர்.பி. (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) எக்ஸாமுக்காகக் காத்திருக்கலாமா, இல்ல ப்ரைவேட்ல சேரலாமா?
– வாசகி, விழுப்புரம்

சேந்துட்டுக் காத்திரு. 2015ல எம்.ஆர்.பி. மூலமா எக்ஸாம் வெச்சு 7,000 பேருக்கு மேல எடுத்தாங்க, மாசம் 7,700 தொகுப்பூதியம், ரெண்டு வருஷம் போனா ரெகுலர்னு சொன்னாங்க, அதுல எத்தனையோ பேரு வருஷக்கணக்கா தொகுப்பூதியத்துலயே இருந்தாங்க. கொரோனாவுல அவசரமா எடுத்தவங்கள 2022 டிசம்பர் 31ஓட நிறுத்தினதும் தெரியும்ல, பி.பி.ஈ. கிட்டுக்குள்ள வேர்த்து வழிஞ்ச புள்ளைங்க அவங்க, எனக்கு இன்னும் ஆறல அது. இப்படியெல்லாம் இருந்தாலும் எக்ஸாம விடாத, தமிழ் தகுதித் தேர்வுல 40 சதவீதம் வாங்கலன்னா மத்த பேப்பரத் திருத்தவே மாட்டாங்க, அத லேசா நெனைக்காத. உங்க மாவட்ட வெப்சைட்டுல மாவட்ட நலவாழ்வு சங்கம் ஸ்டாஃப் நர்ஸ் போஸ்ட் அப்பப்ப போடும், 11 மாச கான்ட்ராக்ட், 18,000 வாக்குல தர்றாங்க, ப்ரைவேட்டுக்கு இது எவ்வளவோ மேல். கடைசி தேதிக்குப் பத்து நாள்தான் டைம் இருக்கும், வாரம் ஒரு தடவையாவது பாரு.

ரிசல்ட் வந்துடுச்சு, நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் இன்னும் வரல. அதுக்குள்ள வேலைக்கு சேரலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ஆர்.என்.ஆர்.எம். நம்பர் (கவுன்சில் தர்ற நர்ஸ், மிட்வைஃப் பதிவு நம்பர்) இல்லாம உன்ன நர்ஸ்னு வார்டுல நிறுத்தறது அவங்களுக்கும் தப்பு, உனக்கும் ஆபத்து, ஏதாவது மருந்து மாறுச்சுன்னா மொத பழி ரிஜிஸ்டர் ஆகாதவ மேலதான். காலேஜ் ஆபீஸ போய் நச்சரி.

இன்டர்வியூல ப்ராக்டிகலா என்ன கேப்பாங்க? என்ன டிரஸ் போடறது?
– வாசகி, சேலம்

நான் இன்டர்வியூ எடுத்தப்போ மொதல்ல ட்ரிப் கணக்குதான் கேப்பேன். 500 எம்.எல். நார்மல் சலைன் எட்டு மணி நேரத்துல போகணும், செட் ஒரு எம்.எல்.லுக்கு 20 சொட்டு, நிமிஷத்துக்கு எத்தன சொட்டு? 500ஐ 20ஆல பெருக்கு, 480 நிமிஷத்தால வகு, 21 சொட்டு. மைக்ரோ செட்டுன்னா 60 சொட்டு, அப்ப 62, 63 வரும். பத்துல ஏழு பேரு இதுலயே முழிப்பாங்க, நாலு வருஷம் படிச்சதுல தெரியாம இல்ல, பதட்டம். அப்பறம் பொட்டாசியம் க்ளோரைட நேரா ஐ.வி.யில தள்ளலாமான்னு கேப்பேன், கூடவே கூடாது, டைல்யூட் பண்ணி மெதுவாதான் போகணும். க்ராஷ் கார்ட்ல (அவசர மருந்து வண்டி) என்னென்ன இருக்கு, சி.பி.ஆர். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, பேஷண்ட் கீழ விழுந்துட்டா மொதல்ல என்ன பண்ணுவ, இவ்ளோதான். தெரியலன்னா "தெரியல மேடம், சிஸ்டர்கிட்ட கேட்டுட்டுதான் குடுப்பேன்"னு சொல்ற புள்ளய நான் எடுத்துடுவேன். அடிச்சு விடறவள எடுக்க மாட்டேன்.

டிரஸ் காட்டன் சுடிதார் போதும், துப்பட்டாவ பின் பண்ணிக்க, நகம் வெட்டியிருக்கணும், தலைய இழுத்துக் கட்டிக்க. ஃபைல்ல ரெண்டு செட் ஜெராக்ஸ், அரை டஜன் போட்டோ. பேனா உன்னோடத எடுத்துட்டுப் போ, ஃபார்ம கையில குடுத்துட்டு பேனா கேட்டா அந்த ரிசப்ஷன் அம்மா முறைக்கற முறைப்பு இருக்கே, ஹெச்.ஆர். கேள்வியே பரவால்லன்னு ஆயிடும்.