கொழாய் பக்கம் திரும்பாதே

கடிதம்:
அண்ணா, மினசோட்டால இருக்கேன். பையன் ஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல சேர்ந்திருக்கான், கோச் ரொம்ப கத்துறார்னு அழறான். "காலேஜ் ஃபுட்பால் கோச் நிக் சேபன் ஏழு சாம்பியன்ஷிப் வாங்கினது பசங்களக் கொஞ்சியா?"ன்னு திட்டி அனுப்பிட்டேன். சரிதானே? காலேஜ் கோச்சுக்கு இவ்ளோ சம்பளம் நியாயமா?

பதில்:
தம்பி, சம்பளத்த விடுங்க, அது அவங்க ஊர்க் கணக்கு. சேபன் பெரிய ஆளு, அதுலயும் சண்டை இல்ல. ஆனா மினசோட்டால உக்காந்துக்கிட்டு ஜான் கலார்டிங்கிற கோச்ச விட்டுட்டு சேபன உதாரணம் காட்டுறீங்க பாருங்க, அதான் கோவம் வருது. உங்க ஸ்டேட்லயே காலேஜ்வில்ல செயின்ட் ஜான்ஸ்னு பெனடிக்டைன் துறவிங்களோட காலேஜ், 1953ல வந்தவர் 2012 வரைக்கும் அங்கயேதான். அதுக்கு முன்னாடி மொண்டானால ஜெயிச்சதையும் சேத்து 489 மேட்ச், காலேஜ் ஃபுட்பால்ல எந்த ஹெட் கோச்சும் அந்த நம்பரத் தொடல. நாலு நேஷனல் சாம்பியன்ஷிப் வேற. அவர் பிராக்டிஸ்ல விசில் கிடையாது, ஆளப் புடிச்சுக் கீழ தள்ற டேக்கிள் கிடையாது, டீமுக்கு வர்ற யாரையும் கழிச்சு விடுறது கிடையாது, 'கோச்'னு கூப்பிடவும் கூடாது, ஜான்தான்.

இதெல்லாம் எங்க ஆரம்பிச்சுதுன்னா, 1943, கொலராடோல டிரினிடாட்னு ஊரு, ஸ்கூல் கோச்ச யுத்தத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க, பதினாறு வயசுப் பையன் கலார்டி டீம எடுத்துக்கிட்டான், தனக்கு எதெல்லாம் புடிக்கலயோ அத்தனையும் தூக்கினான், அதுல ஒண்ணு பிராக்டிஸ்ல தண்ணி குடிக்கக்கூடாதுங்கிற சட்டம்.

தண்ணி தம்பி, வெறும் தண்ணி! நான் எட்டாவது படிக்கறப்ப எங்க பி.டி. வாத்தியார் உச்சி வெயில்ல கிரவுண்டச் சுத்த விடுவார், பத்தடில கொழாய் சொட்டிக்கிட்டே இருக்கும், அந்தப் பக்கம் திரும்பினா கெண்டக்கால்ல பிரம்பு விழும். எனக்கு முன்னாடி ஓடினவன், ஸ்கூல்லயே அவன்தான் ஃபர்ஸ்ட் வருவான், உதட்ட நக்கிக்கிட்டே ஓடினவன் அப்படியே முட்டி போட்டு விழுந்தான், வாயெல்லாம் செம்மண்ணு. அதுக்கப்புறம் அவன் கிரவுண்டுக்கே வரல. ஓட்டக்காரன் ஒருத்தன் போயிட்டான், அவ்ளோதான் அந்தக் கண்டிப்பு சம்பாதிச்சது. கண்டிப்பு கண்டிப்புன்னு நாம சொல்றதுல பாதி, எவனோ நம்மள அடிச்சத அடுத்தவன் தலைல எறக்குறது, அதப் போயி பயிற்சின்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்.

உங்க பையன் அழுதுக்கிட்டு நேரா உங்ககிட்டதான வந்தான்? நான் கால்ல இருந்த தடத்த டவுசர எறக்கி விட்டு மறைச்சேன், அப்பாகிட்ட வாயே தெறக்கல. இன்னைக்கு பிராக்டிஸுக்கு நீங்களே போய் ஓரமா நில்லுங்க, பையன் கேட்டா சும்மா வந்தேன்னு சொல்லுங்க.