பகுப்பாய்வு வேதியியல் ஆய்வுக்குழுவில் வேதியியல் படித்தவர்கள் மட்டும்தான் சேர முடியுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உயிர்வேதியியலில் பட்டம் பெற்ற தங்கள் மகள், ஒரு பொருளில் என்னென்ன எவ்வளவு உள்ளன என்று கண்டறியும் இத்தகைய குழுவில் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம்.

இத்துறையை வளர்த்தவர்களே பல பின்னணியினர். இலையின் நிறமிகளைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் பிரித்துக் காட்டி குரோமட்டோகிராபி எனும், கலவையின் கூறுகளைப் பிரிக்கும் முறைக்கு வித்திட்ட மிகயில் ஸ்வெட் ஒரு தாவரவியலாளர். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை நிறைமாலைமானியில் (மூலக்கூறுகளின் நிறையை அறியும் கருவி) அளக்க வழி கண்டு 2002இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கொய்ச்சி தனாக்கா மின்பொறியியல் பட்டதாரி. எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி இது. இன்றைய குழுக்களிலும் பேராசிரியர், முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர், மாணவர்கள் ஆகியோருடன், கருவிகளைப் பழுதின்றிக் காக்கும் தொழில்நுட்பர் ஒருவரும் இருப்பார். அவருடைய கைத்திறன் இல்லாவிட்டால் மற்றவர்களின் அளவீடுகள் நம்பத்தக்கவையாக இரா. எண்களைப் பிரித்தறியப் புள்ளியியல் கற்றவரும் தேவை.

தென்னாப்பிரிக்காவில் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பின் ஓராண்டு ஹானர்ஸ் படித்தே முதுகலை ஆய்வுக்குச் செல்வது வழக்கம். ஆகவே ஹானர்ஸ் ஆய்வுத்திட்டத்தை எடுக்கும்போதே, இரத்தத்திலோ ஆற்றுநீரிலோ நுண்ணளவுப் பொருளை அளக்கும் தலைப்பை அவர் கேட்டுப் பெறுவது நல்லது.