மலாவி ஏரியில் இறங்கும் முன் மாத்திரை போடலாமா?

கேள்வி: புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்டேன். இதுவரை கடலில் மட்டுமே இறங்கியிருக்கிறேன். வேலை விஷயமாக ஆப்பிரிக்காவின் மலாவிக்குப் போகிறேன். அங்குள்ள ஏரியில் ஸ்கூபா, ஸ்நார்கெலிங் இரண்டுக்கும் ஆசை. நத்தைப் புழு நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயமுறுத்துகிறார்கள். முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா?

பதில்: வேண்டாம், வீண். பில்ஹார்சியா என்ற இந்த நோய்க்குக் கொடுக்கும் பிராசிகுவான்டெல் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். தோலைத் துளைத்துப் புதிதாக உள்ளே வந்த குஞ்சுகள் அதற்குத் தப்பிவிடும். கரையேறிய அன்றே விழுங்கினாலும் இதே கதைதான். கடைசியாகத் தண்ணீரில் இறங்கி 6 முதல் 8 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. தொற்று இருந்தால் உடல் எடைக்கேற்ற மாத்திரை. பெரும்பாலும் ஒரே நாளில் வைத்தியம் முடிந்துவிடும்.

'எங்கள் கரையில் பில்ஹார்சியா கிடையாது, பாருங்கள், வெறும் மணல், பாசியே இல்லை' என்று அழைத்துப்போகும் ஏற்பாட்டாளரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு காலத்தில் அந்தப் பேச்சு ஓரளவு சரி. இந்தப் புழுக் குஞ்சுகளைத் தண்ணீரில் விடுவது நத்தைதான்; அதைத் தின்னும் மீன்கள் கரையோரம் நிறைய இருந்தன. வலை போட்டு அவற்றை அரித்தெடுத்த பிறகு நத்தை பெருகியது. அதில் ஒரு வகை திறந்த மணல் தரையிலேயே வாழ்கிறது. 1992இல் அந்த ஏரியின் கேப் மெக்ளியர் கரையில் குளித்த அமெரிக்கத் தன்னார்வலர்கள் இருவருக்கு இந்த நோய் நரம்பு மண்டலத்தையே தாக்கியது. பிறகு மலாவியில் வசித்த வெளிநாட்டினரைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத் தொற்றின் தடயம் இருந்தது.

படகில் தூரம் போய் ஆழத்தில் குதித்தால்? ஆபத்து குறைவுதான், முழு உடலை மூடும் வெட்சூட் போட்டால் இன்னும் குறைவு. ஆனால் படகேறும்போது முழங்கால் தண்ணீரில் நடப்பீர்கள். திரும்பி வந்து அதே இடத்தில் நின்று சூட்டை அலசுவீர்கள். தோலுக்குள் புக அந்தக் குஞ்சுக்குச் சில நிமிடம் போதும். விடுதிக் குளியலறையில் வருவதும் ஏரித் தண்ணீராக இருக்கலாம். இரண்டு நாள் தேக்கி வைத்ததா என்று கேளுங்கள். ஆக, படகுக்காரர் கரையில் கால் நனையாமல் ஏற்றி இறக்கினால்தான் 'ஆபத்து குறைவு' என்பது உங்களுக்குப் பொருந்தும். ஸ்நார்கெலிங்குக்கு, அதுவும் கரையோரம் என்றால், பொருந்தவே பொருந்தாது.

அப்புறம், அது நல்ல தண்ணீர், கடலளவுக்கு மிதக்க வைக்காது. மூழ்குவதற்காகக் கடலில் கட்டிய எடையில் 2 கிலோ போலக் குறைக்க வேண்டியிருக்கும், பயிற்சியாளரிடம் சரிபாருங்கள்.

ஊர் திரும்பிய பிறகுதான் நம் ஊர்க் கூத்து. காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு, மலேரியா என்று வரிசையாகச் சோதனைக்கு ஊசி குத்துவார்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சிறுநீரில் ரத்தம் போன ஒருவரைக் கல் என்று சொல்லி இரண்டு முறை ஸ்கேன் எடுக்க வைத்த பிறகு என்னிடம் அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவில் ஏரியில் குளித்தேன் என்று அவர் சொன்னது சீட்டில் ஏறவே இல்லை. காய்ச்சலோ கால் பலவீனமோ வந்தால் 6 வாரம் வரை காத்திருக்காமல் உடனே போங்கள். சீட்டின் மேலே 'மலாவி ஏரியில் இறங்கியவர்' என்று எழுதச் சொல்லி, எழுதினார்களா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.