இரண்டு கோச், ஒரு மாணவி: பயிற்சிக் கணக்கை யார் கூட்டுவது?

கேள்வி: நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் 9-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி, வயது 14, பள்ளி வாலிபால் அணியின் முக்கிய அட்டாக்கர். காலையில் டவுனில் ஒரு தடகளக் கோச்சிடம் 400 மீட்டர் ஓட்டத்துக்குப் போகிறாள். ஞாயிறு வந்தால் ஊர்க் கபடி டீமோடு டோர்னமென்ட். "மற்றதையெல்லாம் விட்டால்தான் மாநில அளவுக்குப் போவாள்" என்கிறார் தடகளக் கோச். அவள் போய்விட்டால் எனக்கு அணியே இல்லை. இரண்டு வாரமாக முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலிக்கிறது என்கிறாள். ஸ்பிரே அடித்துக்கொண்டு ஆடுகிறாள். குறுவட்டப் போட்டி நெருங்குகிறது. எதை விடச் சொல்வது?

பதில்: எதை விடுவது என்பது பிறகு. முதலில் அந்த வலி.

மாணவியை உட்காரவைத்து, வலி எங்கே என்று அவள் விரலாலேயே காட்டச் சொல்லுங்கள். எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குத் தடவிக் காட்டினால், ஓட ஆரம்பிக்கும்போது வலித்து உடம்பு சூடானதும் குறைந்தால், அது பெரும்பாலும் 'ஷின் ஸ்ப்ளின்ட்' எனப்படும் எலும்புறை வலி. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில் விரலை வைத்து "இங்கேதான் சார்" என்றால், அங்கே அழுத்தினால் துடித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அப்படியானால் அன்றே எல்லா ஆட்டத்தையும் நிறுத்தி எலும்பு டாக்டரிடம் அனுப்புங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். இந்த வகைக் கீறல் ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போவது உண்டு. வலி தொடர்ந்தால் மறுபடியும் காட்ட வேண்டும். ஸ்பிரே வலியை மறைக்குமே தவிர எலும்புக்கு ஒன்றும் செய்யாது. அதைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று விளையாட்டு இருக்கிறது, மூன்று பேர் அவளை வேலை வாங்குகிறார்கள். மூன்றையும் கூட்டிப் பார்க்கிற ஆள்தான் இல்லை. நாமே கூட்டுவோம். காலையில் வாரம் 5 நாள், நாளுக்கு 75 நிமிடம் என்று வைத்தால் 375. மாலை வாலிபால் 5 நாள், 90 நிமிடம் என்றால் 450. ஞாயிறு கபடி, வார்ம் அப்போடு மூன்று ஆட்டம், 120. மொத்தம் 945 நிமிடம், கிட்டத்தட்ட 16 மணி நேரம். அவளுக்கு வயது 14. இளம் வீரர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளிலிருந்து ஓர் எளிய அளவுகோல் வந்திருக்கிறது: வாரப் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டினால் காயத்தின் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் மாணவி ஏற்கெனவே தாண்டிவிட்டாள். தடகளக் கோச்சைக் கேட்டால் "நான் ஆறு மணி நேரம்தானே வாங்குகிறேன்" என்பார். நீங்கள் "ஏழரை மணிதான்" என்பீர்கள். இரண்டும் உண்மை. வலி கூட்டுத்தொகையில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். பள்ளி வயதில் பல விளையாட்டு ஆடுவது நல்லது என்று மேல்நாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு 2016-ல் வெளியிட்ட அறிக்கை, ஒரே விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதை 15, 16 வயது வரையாவது தள்ளிப்போடச் சொல்கிறது. விஸ்கான்சின் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2017-ல் வெளிவந்த ஆய்வில், ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்கிய பிள்ளைகளுக்குத்தான் காலில் காயம் அதிகம். எல்லாம் சரி. ஆனால் அங்கே பள்ளி விளையாட்டுக்குப் பருவங்கள் உண்டு. ஒரு பெண் இலையுதிர்காலத்தில் வாலிபால் ஆடுவாள், குளிர்காலத்தில் கூடைப்பந்து, வசந்தத்தில் டிராக். ஒன்று முடிந்த பிறகுதான் பெரும்பாலும் அடுத்தது. நம் ஊரில் ஜூலை பிறந்தால் குறுவட்டம், அப்புறம் மாவட்டம், நடுவில் முதலமைச்சர் கோப்பை, காலாண்டுத் தேர்வு என்று எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகிறது. ஆகவே 'பல விளையாட்டு நல்லது' என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டு மூன்றையும் ஒரே வாரத்தில் ஆடவிட்டால், அந்த அறிவுரையின் பலன் கிடைக்காது, சுமை மட்டும் மிஞ்சும். பருவம் என்று ஒன்று நம்மிடம் இல்லாததால் அதை நாமே உண்டாக்க வேண்டும்.

எப்படி? வலி முழுதாகப் போன பிறகு ஒரு வாரத்தை இப்படிப் போட்டுப் பாருங்கள். செவ்வாய், வியாழன், சனி காலை தடகளம். திங்கள், புதன், வெள்ளி மாலை வாலிபால். இரண்டும் சேர்ந்து 495 நிமிடம், எட்டேகால் மணி நேரம். கபடி மாதத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிறு மட்டும். ஆடிய ஞாயிற்றுக்கு அடுத்த திங்கள் முழு ஓய்வு, உங்கள் வாலிபாலும் கிடையாது. கபடி இருக்கும் வாரத்தில் சனிக்கிழமை கடினமான ஓட்டமும் வேண்டாம். கபடியில் பிடித்து இழுத்துச் சாய்க்கிறார்கள், முழங்கால் திருகுகிறது. களைத்த காலோடு ஆடினால் முழங்கால் தசைநார் கிழிய வாய்ப்பு அதிகம். பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகமாக வருவது பல நாடுகளில் பதிவான விஷயம். தடகளப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னும், அது முடிகிறவரையும் கபடிக்கு லீவு.

மணி நேரம் மட்டும் போதாது. உள்ளே என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் ஸ்மாஷ் பயிற்சியில் அவள் எத்தனை முறை குதித்து இறங்குகிறாள் என்று ஒருநாள் மூலையில் நின்று எண்ணுங்கள். எண்ணிக்கை உங்களையே திகைக்க வைக்கும். அதே வாரம் தடகளக் கோச் 'காலில் பவர் வேண்டும்' என்று பெட்டி மேல் குதிக்கவைக்கிறார். உடம்புக்கு இரண்டும் ஒரே வேலை. வாலிபாலில் குதித்ததையே அவருடைய பவர் பயிற்சியாக வரவு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதேபோல் அவர் செவ்வாய்க்கிழமை ஓடவைத்த 300 மீட்டர் ரிப்பிடிஷன்கள் இருக்கும்போது, புதன்கிழமை நீங்கள் "ஸ்டாமினாவுக்கு" மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றவைக்கத் தேவையில்லை. புதன் சர்வீஸ், ரிசீவ் என்று கையால் செய்யும் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோச்சும் ஒருவர் கொடுப்பதை இன்னொருவர் கழித்தால் பாதிச் சண்டை தானாகத் தீரும்.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் அவளே எழுதட்டும்: எத்தனை நிமிடம், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். இரண்டையும் பெருக்கினால் அன்றைய சுமை. 75 நிமிட ஓட்டம், கஷ்டம் 8 என்றால் 600. 90 நிமிட வாலிபால், 5 என்றால் 450. விளையாட்டு அறிவியலில் புழங்கும் முறைதான் இது, செலவு ஒன்றும் இல்லை. வாரக் கூட்டலை முந்தைய மூன்று, நான்கு வாரங்களோடு ஒப்பிடுங்கள். திடீரென்று எகிறினால் அந்த வாரம் எதையாவது வெட்டுங்கள். முன்பு 5 போட்ட அதே பயிற்சிக்கு 8 போட ஆரம்பித்தால், தூக்கம் போதவில்லை, அல்லது சாப்பாடு, அல்லது வீட்டில் ஏதோ. கேளுங்கள். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலை ஐந்து மணி பஸ் பிடிக்கிற பெண்ணுக்கு அது எங்கே கிடைக்கும் என்று கோச்சுகள் யோசிப்பதே இல்லை.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: வெறும் வயிற்றில் ஓட அனுப்பாதீர்கள், வாழைப்பழமாவது வேண்டும். முடிந்ததும் முட்டையோ வேர்க்கடலையோ. மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோயிருந்தால் அது "விளையாடுகிற பெண்களுக்குச் சகஜம்" இல்லை. செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு ஈடுகொடுக்கவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம், எலும்பையும் பலவீனமாக்கும். இந்த எலும்பு வலியோடு சேர்த்து அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதை நீங்கள் கேட்பதைவிடப் பள்ளியில் அவளுக்குப் பிடித்த டீச்சர் ஒருவரைக் கேட்கச் சொல்வது நல்லது.

இப்போது அந்தத் தடகளக் கோச். வாட்ஸ்அப்பில் பேசாதீர்கள். ஒரு காலை டிராக்குக்கே போங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். "எனக்கு அணி வேண்டும்" என்று ஆரம்பித்தால் அவர் "எனக்கு மெடல் வேண்டும்" என்பார், பேச்சு அங்கேயே முடியும். கால் வலியையும் 945 நிமிடத்தையும் முதலில் வையுங்கள். போகும் முன் நீங்கள் விட்டுக்கொடுக்கப்போகும் இரண்டு மாலைகளை முடிவு செய்துவிட்டுப் போங்கள். கையில் ஒன்றும் இல்லாமல் போனால் எதிராளியும் ஒன்றும் தரமாட்டார். தலைமையாசிரியர் அணி எத்தனை கோப்பை வாங்கியது என்றுதான் கேட்பார், அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். அதற்காக 14 வயதுப் பிள்ளையின் கால் அடமானம் போகக் கூடாது.

இரண்டு போட்டி ஒரே நாளில் வந்தால் என்ன என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். போட்டி என்றால் மற்றவர் பயிற்சி விட்டுக்கொடுக்க வேண்டும். மேல்மட்டப் போட்டி கீழ்மட்டத்தை முந்தும். இரண்டும் ஒரே மட்டம் என்றால் முடிவு மாணவியுடையது. அந்த முடிவை அவள் போட்டிக்கு முதல் நாள் அழுதுகொண்டே எடுக்கும்படி விடாமல், அட்டவணை வந்தவுடன் எடுக்கட்டும். அவள் தேர்ந்தெடுத்த பிறகு, விடுபட்ட கோச் முகத்தைத் தூக்கக் கூடாது. "நான் வளர்த்த பொண்ணு என்னையே விட்டுட்டுப் போறா" என்ற வசனம் மைதானத்தில் அடிக்கடி கேட்கிறது. ஒரு போட்டிக்கு வரவில்லை என்று அடுத்த போட்டியில் பெஞ்சில் உட்காரவைப்பதும் அதே வகைதான். பிள்ளைகள் பயந்துபோய் வலியைச் சொல்லாமல் ஆடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஸ்பிரே பாட்டில் அப்படித்தான் அவள் பைக்குள் வந்திருக்கும்.

'மற்றதை விட்டால்தான் மாநில அளவு' என்பது சரியா? ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றில் சின்ன வயதிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கலாம். 400 மீட்டருக்கும் வாலிபாலுக்கும் கபடிக்கும் 14 வயதில் அந்த அவசரம் இல்லை. இந்தியக் கிரிக்கெட் வீராங்கனை ஜெமிமா ரோட்ரிக்ஸ் மகாராஷ்டிராவின் 17 வயதுக்குட்பட்டோர் ஹாக்கி அணியில் ஆடியபடியேதான் கிரிக்கெட்டில் வளர்ந்தார். ஆஸ்திரேலியாவின் எலிஸ் பெர்ரி 2007-ல், 16 வயதில், கிரிக்கெட், கால்பந்து இரண்டிலும் தேசிய அணிக்கு ஆடினார். 2011 கால்பந்து உலகக் கோப்பைக் காலிறுதியில் கோல் அடித்தார். கால்பந்து அவரைவிட்டு விலகியது இருபதுகளின் நடுவில்தான். இவர்கள் அபூர்வப் பிறவிகள், இவர்களைக் காட்டி எல்லாரையும் இரண்டு படகில் ஏற்ற வேண்டாம். ஆனால் சீக்கிரம் ஒன்றை விடாததால் வாய்ப்பு போய்விடும் என்ற பயமுறுத்தலுக்கு இவர்கள் போதுமான பதில்.

நம் ஊரில் முடிவை அவசரப்படுத்துவது வேறொன்று. விளையாட்டு விடுதியில் ஒரு விளையாட்டுக்குத்தான் இடம். பிறகு கல்லூரியிலும் வேலையிலும் விளையாட்டு இடஒதுக்கீடு, அதற்குச் சான்றிதழ். இந்தக் கணக்கைப் பெற்றோர் போடுவதில் தப்பில்லை. ஆகவே 11-ஆம் வகுப்பு சேரும்போது ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளலாம் என்று இப்போதே அவள் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். அதுவரை மூன்றில் எது அவளை இழுக்கிறது, எதில் உடம்பு கட்டு வருகிறது என்று பார்க்க இரண்டு சீசன் இருக்கிறது. அவளிடம் நேரடியாக "எது பிடிக்கும்?" என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்து "வாலிபால் சார்" என்பாள். நோட்டைப் பாருங்கள். எந்த நாள் பயிற்சிக்குக் கஷ்டம் அதிகம் போட்டும் அடுத்த நாள் சிரித்துக்கொண்டு வருகிறாளோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு சமயத்தில் எப்படியும் பயிற்சி நிற்கும், அதையே முழு ஓய்வு மாதமாக எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன மருத்துவர்களின் அறிக்கை, ஒவ்வொரு விளையாட்டிலிருந்தும் வருடத்துக்கு மொத்தம் மூன்று மாதம், மாதம் மாதமாகப் பிரித்தாவது, விலகியிருக்கச் சொல்கிறது. மே மாதக் கோடை முகாம்களில் இரண்டு விளையாட்டுக்குப் பெயர் கொடுக்காமல் ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால், இன்னொன்றுக்கு இரண்டாவது மாதமும் கிடைத்துவிடும். இந்த வருடக் குறுவட்டத்தைப் பொறுத்தவரை டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவள் பெயரைப் பட்டியலில் ரிசர்வாக வைத்துவிட்டு, வேறொரு பெண்ணை அட்டாக்கராகத் தயார்செய்ய ஆரம்பியுங்கள்.