ஞாயிற்றுக்கிழமை சத்தியத்துக்கு முன்னால் டாக்டர்

கேள்வி: நான் தஞ்சாவூர்க்காரி. கனடாவின் சர்ரேயில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். 61 வயது மாமனார் தினமும் விஸ்கி குடிக்கிறார். கேட்டால் ‘மூணு பெக்தான்’ என்பார். இப்போது காலையில் கை நடுங்குகிறது, கொஞ்சம் குடித்த பிறகுதான் நிற்கிறது. வருகிற ஞாயிறு குருத்வாராவில் சத்தியம் வாங்கிக்கொண்டு அன்றே பாட்டில்களைக் கொட்டிவிடலாம் என்கிறார் மாமியார். சாப்பாட்டில் கலக்க ஜலந்தரிலிருந்து ஏதோ மாத்திரையும் வருகிறதாம். வெளியே மூச்சு விடக்கூடாது என்று கட்டளை. நான் என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடுங்கள். சத்தியம் வேண்டாம் என்று சொல்லவில்லை, பாட்டிலைக் கொட்டுவதுதான் ஆபத்து. குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது என்று பொருள். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும். உயிரே போகக்கூடிய நிலை அது. ஏற்கெனவே நிறுத்திவிட்டு இப்படி ஏதாவது வந்தால் உடனே 911 அவசர எண்ணுக்கு அழையுங்கள். டாக்டர் மேற்பார்வையில் மருந்தோடு நிறுத்தினால் பெரும்பாலும் பயமில்லை. அதுவரை அவர் குடிப்பதை வீட்டில் யாரும் தாமாகத் தடுக்க வேண்டாம்.

அந்த மாத்திரை அனேகமாக டைசல்ஃபிராம், மேலே குடித்தால் உடம்பைப் படுத்தியெடுக்கும் மருந்து. நம் ஊரிலும் ரகசியமாகக் குழம்பில் கலப்பவர்கள் உண்டு. தெரியாமல் அதைத் தின்றுவிட்டு அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி இதயமே தடுமாறலாம். இந்த வயதில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். விவரம் சொல்லி, அவர் சம்மதத்தோடு கொடுக்க வேறு மருந்துகள் இருக்கின்றன: நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட். எது பொருந்தும் என்பதை அவருடைய கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

அடுத்தது அந்த ‘மூணு பெக்’. கனடாவில் டாக்டர் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 43 மில்லி விஸ்கி. பாட்டியாலா பெக் என்றால் ஏறக்குறைய 120 மில்லி. ஆக மூன்று பெக் எட்டு டிரிங்கைத் தாண்டிவிடும். அவர் பொய் சொல்லவில்லை, அளவுதான் வேறு. டாக்டரிடம் பெக் கணக்கே சொல்லாதீர்கள். ‘750 மில்லி பாட்டில் இத்தனை நாளில் காலியாகிறது’ என்று சொல்லுங்கள், போதும்.

சரி, யாரிடம் போவது? உங்கள் வட்டாரத்தின் அரசு சுகாதார அமைப்பான ஃப்ரேசர் ஹெல்த் சர்ரேயிலேயே ரோஷ்ணி கிளினிக் என்று தெற்காசியர்களுக்காகவே நடத்துகிறது, பஞ்சாபியிலும் ஹிந்தியிலும் பேசலாம். உடல்நல ஆலோசனை எண்ணான 811-க்கு அழைத்துப் பஞ்சாபி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம், இலவசம். மொழிதானே பிரச்சினை, பேரப்பிள்ளை மொழிபெயர்க்கட்டுமே என்று நினைக்காதீர்கள். தாத்தா தன் குடியைப் பேரன் வாயால் சொல்ல வைப்பாரா? பாதியை விழுங்கிவிடுவார்.

மொழியைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கிறது. சீக்கிய நெறி போதையை விலக்குகிறது. ஆனால் கல்யாண வீட்டில் கிளாஸை மறுக்கும் ஆண்களை ‘சோஃபி’ (குடிக்காதவன்) என்று கிண்டல் செய்வார்கள். குடிக்காவிட்டால் கேலி, குடித்தால் குற்ற உணர்வு. இந்த இடுக்கில் மாட்டியவரிடம் ‘எல்லை வகுத்துத் தனியாகப் போய்விடுங்கள்’ என்று பாடப்புத்தகப்படி சொல்லும் ஆலோசகரால் என்ன பயன்? கூட்டுக்குடும்பத்தில் அது நடக்கவும் நடக்காது. மாமியாரையும் மகனையும் உட்கார வைத்து, மாமனார் சம்மதத்தோடு பேசத் தெரிந்தவர்தான் தேவை. ‘லோக் கீ கெஹ்ண்கே’ என்பது நம் ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ தான், உங்களுக்குப் புதிதல்ல. கிளினிக்கில் சொல்வது வெளியே போகக்கூடாது என்பது சட்டம். வரவேற்பு மேசையில் இருப்பவர் அதே பிண்டுக்காரராக, அதாவது சொந்த ஊர்க்காரராக, இருந்தால்? இந்த அச்சத்தை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். வேறு கிளினிக் வேண்டும் என்று கேளுங்கள்.

மாமனாரிடம் நீங்கள் பேச வேண்டாம். மருமகள் வாயால் வந்தால் அது அவமானமாகத்தான் போய்ச் சேரும். உங்கள் கணவரோ, அவர் மதிக்கும் ஊர்க்கார நண்பரோ காலையில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பேசட்டும். ‘ஷராபி’ (குடிகாரன்) என்ற சொல்லே வரக்கூடாது. கை நடுக்கம், தூக்கம், லிவர் டெஸ்ட் என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

உங்கள் வேலை மாமியாரிடம். தேதியை மாற்றச் சொன்னால் சாமி காரியத்தைத் தடுக்கிறாய் என்று கோபிக்கலாம். ‘டாக்டர் நாள் குறித்ததும் நாமே கூட்டிக்கொண்டு போவோம், அம்மா ஜி’ என்று சொல்லிப் பாருங்கள். சிகிச்சை தொடங்கிய வாரத்திலேயே குருத்வாராவுக்கும் போகட்டும், லங்கரில், அதாவது அங்கே எல்லோருக்கும் சாப்பாடு போடும் சமையற்கூடத்தில், ரொட்டி தேய்க்கும் சேவை செய்யட்டும். மாலை ஆறு மணிக்கு, வழக்கமாக பாட்டில் திறக்கும் நேரத்தில், கைக்கு ஒரு வேலை இருக்கும்.