கவர் போட்ட ஹெரால்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கார்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியவற்றைப் படித்திருப்பதால் உங்களிடம் கேட்கத் தோன்றியது. என்னிடம் 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது, நாலு கதவு வண்டி. அலைந்து திரிந்து வாங்கி, கையில் இருந்ததையெல்லாம் போட்டுச் சரிசெய்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது விடிவதற்குள் கிளம்பி ஏற்காடு போவேன். அடிவாரத்தில் ஒரு டீக்கடை. அங்கே நிறுத்தினால் போதும், யாராவது வந்துவிடுவார்கள். "எங்க பெரியப்பா இந்த வண்டியிலதான் பொண்ணு பார்க்கப் போனார்" என்பார் ஒருவர். கடைக்காரர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, தன் சொந்த வண்டி போல மற்றவர்களுக்கு விளக்குவார். அதற்குள் எனக்கு இரண்டாவது டீ வந்துவிடும்.

கொரோனா வந்தது. முதல் ஊரடங்கில் வாரம் தவறாமல் ஸ்டார்ட் செய்தேன். அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆனது. இரண்டாம் அலையில் விட்டதுதான். மெக்கானிக்கும் ஷெட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இப்போது எல்லாம் திறந்துவிட்டார்கள், ஆனால் கவரை எடுக்கவே அலுப்பாக இருக்கிறது. தினமும் ஸ்விஃப்டை எடுக்கும்போது அதைத் தாண்டித்தான் போகிறேன், பார்ப்பதில்லை. "வித்துடுங்க, இடமாவது மிஞ்சும்" என்கிறார் மனைவி. என் ஆசையே பொய்தானா? 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்குப் புது விதி வந்திருப்பதாகவும் சொல்கிறார்கள். அதில் பதிந்து பத்திரமாக வைத்துவிடலாமா, இல்லை விற்றுவிடலாமா?

(பெயர் வேண்டாம்), சேலம்
நவம்பர் 2021

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் டீக்கடை மிக நன்றாக வந்திருக்கிறது. யார் என்ன சொன்னார், இரண்டாவது டீ எப்போது வரும் என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள். எஞ்சினைப் பற்றி ஒரு வரி கிடையாது. பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களில் ஷெட்டுக்காரர்கள் என்று ஒரு ரகம் உண்டு. அவர்களுக்கு ஊரடங்கு பெரிய வரம். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருகிற கார்புரேட்டரைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, வீட்டில் திட்டு வாங்கி, பெட்ரோல் வரும் சின்னத் துளைகளான ஜெட்களை ஒவ்வொன்றாக ஊதிக் கழுவி மாட்டினார்கள். வண்டி எங்கும் போகவில்லையே என்ற வருத்தமே அவர்களுக்கு இல்லை. நீங்கள் ரோட்டுக்காரர். கிளம்ப வேண்டும், மலை ஏற வேண்டும், நாலு பேர் வந்து பானெட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். இந்த ஆசைக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் இரண்டு வருடமாக அரசாணை போட்டே நிறுத்திவைத்திருந்தார்கள். அப்புறம் ஆசை எங்கே போயிற்று என்று உங்களையே குறுக்கு விசாரணை செய்வது கொஞ்சம் அநியாயம்.

பழைய கார்கள் ரோட்டில் தெரிகிற நாள் ஞாயிறு. 2020 ஜூலையிலும் ஆகஸ்டிலும் எல்லா ஞாயிறும் முழு ஊரடங்கு. 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடியும் ஞாயிறு ஊரடங்கு, மே மாதத்தில் மொத்தமாகவே பூட்டு. இ-பாஸ் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கல்யாணமா, ஆஸ்பத்திரியா, சாவா என்று காரணம் கேட்டார்கள். 'சும்மா ஒரு டீ குடித்துவிட்டு வர' என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. செப்டம்பரில் மாநிலத்துக்குள் இ-பாஸை எடுத்தபோதும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்கு மட்டும் வெளியூர்க்காரர்கள் கலெக்டரிடம் பாஸ் வாங்க வேண்டியிருந்தது. நீங்கள் உள்ளூர்க்காரர், போயிருக்கலாம். ஆனால் வெளியூர் ஆட்கள் வராத மலைப்பாதையில் அந்தக் கடை யாரை நம்பித் திறந்திருக்கும்? திறந்திருந்தாலும் முகக்கவசத்தோடு ஆறடி தள்ளி நின்று யார் பெரியப்பா கதை சொல்வார்கள்?

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 'அவசியமா?' என்ற கேள்விதான். வாசல் தாண்டும்போதெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. அப்போது கேட்டது நல்லதுக்குத்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய கார் ஓட்டுகிறவன் ஒருபோதும் கேட்கக்கூடாத கேள்வி அது. ஐம்பது வயதான 948 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு, ஏசி இல்லாமல், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய வருடத்தில், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவது அவசியமா என்றால் இல்லைதான். ஸ்விஃப்ட் அதைவிட நன்றாக ஏறும். அரசாங்கம் கேட்பதை நிறுத்திவிட்டது, உங்களுக்குள் யாரோ இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கவரை எடுக்கப் போகும் கையைப் பிடித்து இழுப்பவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

வாராவாரம் ஸ்டார்ட் செய்த கதைக்கு வருகிறேன். எங்கும் போகாமல் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு நிறுத்துவது, மாட்டை வண்டியில் பூட்டி வாசலிலேயே அவிழ்த்துவிடுகிற வேலை. நானும் என் பிரீமியர் பத்மினி காரை அப்படித்தான் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உறுமவிட்டுக்கொண்டிருந்தேன். ஊரே நுரையீரலை நினைத்துப் பயந்துகொண்டிருந்த நேரம். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் கிளம்புகிற அந்தக் கறுப்புப் புகைக்கு அக்கம்பக்கத்தார் காட்டிய முகத்தை முகக்கவசத்தால் முழுதாக மறைக்க முடியவில்லை. சந்தோஷம் தரவேண்டிய ஒரு பொருள் மன்னிப்புக் கேட்கவேண்டிய பொருளாகிவிடுகிறது. இப்படி நாலு மாதம் போனால் எந்த ஆசையும் சுருங்கத்தான் செய்யும்.

அந்த உறுமலால் வண்டிக்கும் பெரிய நன்மை இல்லை. ஐந்து நிமிட ஓட்டத்தில் எஞ்சின் ஆயில் சரியாகச் சூடேறுவதில்லை. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி சைலன்சருக்குள் தண்ணீராகத் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது. ஸ்டார்ட்டர் இழுத்த கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கவும் ஐந்து நிமிடம் போதாது. பிரேக்கும் கிளட்சும் அசையவே இல்லை, டயர் நின்ற இடத்திலேயே அழுந்திக் கிடக்கிறது. ஆகவே இரண்டாம் அலையில் விட்டுவிட்டதற்காக வருந்த வேண்டாம். விடாமல் செய்திருந்தாலும் இன்று பார்க்கவேண்டிய வேலைகள் ஏறக்குறைய இவைதான்.

மெக்கானிக் போனது இன்னொரு அடி. அதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள், ஆனால் உங்கள் தைரியத்தில் பாதி அவருடையது. வழியில் நின்றால் ஒரு போன் போதும் என்ற நம்பிக்கையில்தான் நாமெல்லாம் மலை ஏறுகிறோம். வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதுவரை கார்புரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த பைக்குகளும் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. புதிதாகத் தொழில் கற்கும் பையன்களுக்கு இனி கார்புரேட்டர் கையில் வருவதே குறைவு. எனவே தேடுவதை இப்போதே தேடுங்கள். கார் ஷெட்டில்தான் என்றில்லை. பழைய புல்லட் வேலை பார்க்கிற நடுத்தர வயது ஆள் யாராவது உங்கள் பக்கம் இருப்பார். மிதவையும் ஜெட்டும் அறிந்த கை எந்த வண்டியிலும் வேலை செய்யும்.

ஹெரால்டைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் சீக்கிரமே அதோடு ஒட்டிக்கொள்வார். பக்கவாட்டுக் கொக்கி இரண்டையும் விடுவித்தால் பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் கவிழும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம். டீக்கடைக்காரர் அதைத் திறக்கச் சொன்னது சும்மா இல்லை. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டுக்கு வடிவம் கொடுத்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். 1961-இலிருந்து அது வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி வண்டியாகத் தயாரானது. நாலு கதவு ஹெரால்டு ஆங்கிலேயருக்கே கிடைக்காதது, அது இங்கே மட்டும் செய்தது. இரண்டு கதவு வண்டியில் முன்சீட்டை மடித்துப் பாட்டியைப் பின்னால் ஏற்றிப் பார்த்த யாரோ ஒருவர்தான் அந்த யோசனையைச் சொல்லியிருப்பார் என்பது என் சொந்த ஊகம்.

கவரை எடுத்ததும் சாவியைத் திருகாதீர்கள். டேங்கில் கிடக்கும் பெட்ரோலை முழுதாக இறக்கிவிடுங்கள். நாளானால் அது பிசினாகி ஜெட்டை அடைக்கும். எத்தனால் கலந்ததென்றால் ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். 2025-க்குள் 20 சதவீதம் கலக்கப்போவதாக 2021 ஜூனில் சொன்னார்கள். நம் வண்டிகளின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை அல்ல, ஆகவே குழாய்களையும் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயஃப்ரத்தையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. சக்கரங்களில் பிரேக்கை அழுத்துகிற வீல் சிலிண்டர்களைக் கழற்றிப் பாருங்கள், பிரேக் ஆயிலைப் புதிதாக ஊற்றுங்கள். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். அதன்பிறகு பம்பின் பக்கத்திலுள்ள சின்ன லீவரைக் கையால் அழுத்தி அழுத்திப் பெட்ரோல் ஏற்றுங்கள். முதலில் விரலுக்குப் பாரம் தெரியும். கார்புரேட்டர் நிரம்பியதும் லீவர் சட்டென்று தளர்ந்துவிடும். அதற்கப்புறம் சாவி.

ஆனால் முதல் ஓட்டம் ஏற்காட்டுக்கு வேண்டாம். ஹெரால்டின் பின்சக்கரங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். வளைவுக்குள் வேகமாகப் போய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இரண்டு வருடம் ஸ்விஃப்ட் ஓட்டிய கால் அதை மறந்திருக்கும். உழவர் சந்தைக்குப் போங்கள். இபி பில் கட்டப் போங்கள், ஆபீசுக்கும் வாரத்தில் ஒருநாள் எடுத்துப் போங்கள். 'அவசியமா?' என்று கேட்கிற உங்கள் உள் ஆளை வாதாடி ஜெயிக்க முடியாது. காய்கறி வாங்குவது அவசியம்தான் என்று அவர் ஒப்புக்கொண்டாகவேண்டும், அவ்வளவே. சந்தையில் ஒரு பெரியப்பா கதையாவது உங்களுக்குக் கிடைக்காமல் போகாது.

அந்தப் புது விதி விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று பதிந்துகொள்ள மத்திய அரசு 2021 ஜூலையில் வழி செய்திருக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் 1970 ஹெரால்டு வயதுக் கணக்கில் தேறிவிடும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் வேலை, இப்படிச் சிலவற்றுக்கு மட்டுமே அனுமதி. வெளிநாட்டிலிருந்து பழைய வண்டி தருவித்து மாளிகையில் நிறுத்துகிறவர்களுக்கு அது பொருந்தலாம். நீங்கள் அதில் பதிந்தால், காரணம் காட்டித்தான் வண்டியை எடுக்கவேண்டும் என்ற அந்த இ-பாஸ் காலத்தை நீங்களே பணம் கட்டிப் பத்து வருடத்துக்கு நீட்டித்துக்கொள்கிறீர்கள். சாதாரண ஆர்.சி.யாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கைக் காரணம் காட்டி நீட்டித்துவந்த ஆவணக் கெடு அக்டோபர் 31-உடன் முடிந்துவிட்டது. உங்கள் எஃப்.சி. (தகுதிச் சான்று) எந்தத் தேதிவரை என்று உடனே பாருங்கள். காருக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிறது. அதற்குமுன் முடிக்க வாய்ப்பிருந்தால் முடித்துவிடுங்கள்.

விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விற்பது துரோகமெல்லாம் இல்லை, கார்தானே. அடுத்த கோடைவரை சந்தைக்கும் ஆபீசுக்கும் ஓட்டிப் பாருங்கள், அப்போதும் சாவியை எடுக்கும்போது அலுப்பாகவே இருந்தால் விற்றுவிடுங்கள். நின்ற வண்டியாக மட்டும் விற்காதீர்கள். ஓடாத ஹெரால்டுக்கு வருகிறவர் இரும்பு விலைதான் பேசுவார், அல்லது அதைவிட மோசமாக, எங்காவது ஹோட்டல் வாசலில் செல்ஃபி எடுக்க நிறுத்திவிடுவார். ஓட்டிக் காட்டி, ஓட்டப்போகிறவருக்குக் கொடுங்கள். உங்கள் மனைவி கேட்பது இடம்தான் என்றால் அதுவரைக்கும் ஸ்விஃப்டை வெளியே நிறுத்தலாம், அது வெயில் மழையைத் தாங்கும்.

வீல் சிலிண்டர் ரப்பர் கிட் சேலத்தில் கிடைக்காவிட்டால் எழுதுங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் விசாரித்துச் சொல்கிறேன். பழையதைக் கழற்றி அளவு எடுத்து, எந்தச் சக்கரத்துக்கு எது என்று குறித்து அனுப்பிவிடுங்கள், படம் மட்டும் அனுப்பினால் கடைக்காரர்கள் திட்டுகிறார்கள்.

அன்புடன்.